புது 10×50 பைனாகுலர்: இரட்டை வட்டம், கறுப்பு நிழல், தலைவலி. கோளாறா, எனக்குப் பார்க்கத் தெரியலையா?

வேளச்சேரி மொட்டைமாடி கேட்டது:

வணக்கம். 10×50 பைனாகுலர் (போரோ வகை, தோள் அகலமா இருக்குமே அது) ஆன்லைன்ல வாங்கி மூணு நாள் ஆகுது. திருப்பி அனுப்ப இன்னும் நாலு நாள்தான் அவகாசம். தெரிஞ்சவங்க அதுக்குள்ள சொன்னா நல்லது.

1. ஒரே வட்டமாத் தெரியல. ரெண்டு வட்டம் ஒண்ணு மேல ஒண்ணு பாதி ஏறின மாதிரி இருக்கு.
2. கண்ணாடி போட்டுப் பார்த்தா ஓரத்துல பிறை மாதிரி கறுப்பு நிழல் வந்து வந்து போகுது.
3. இடது கண்ணுக்குப் பளிச்சுனு இருக்கும்போது வலது கண்ணுக்கு மங்கல்.
4. பத்து நிமிஷம் பார்த்தா புருவத்துக்கு நடுவுல வலிக்குது.
5. எதிர்வீட்டுத் தண்ணித்தொட்டி மேல உட்கார்ந்திருக்கிற காக்கா கூட ஆடிக்கிட்டே இருக்கு.

என் பவர் ரெண்டு கண்ணுக்கும் மைனஸ் 2.5, சிலிண்டர் 0.75. பொங்கல் முடிஞ்ச வாரம் வேடந்தாங்கல் போறதா இருக்கோம். கூட அம்மாவும் எட்டு வயசுப் பொண்ணும் வர்றாங்க. இதையே வச்சுக்கலாமா, மாத்தி 8×42 வாங்கலாமா? வேளச்சேரி ஈரக்காத்துல எப்படிப் பாதுகாக்கிறது? வீட்ல ஒரு பழைய 10-30×50 ஜூம் இருக்கு, உள்ள வெள்ளையா நூல் நூலாப் படர்ந்து கிடக்கு. இதுக்கும் அந்த கதி வரக்கூடாது.

---

நீர்க்காகம் பதில்:

திருப்பி அனுப்புவதற்கு முன் நான்கு விஷயங்களை இதே வரிசையில் பாருங்கள். முதல் மூன்றும் சரியாகாமல் நான்காவதைச் சோதித்தால் நல்ல கருவியும் பழுதானதாகவே தெரியும்.

இடைவெளி. இரட்டை வட்டத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இரண்டு குழாய்களையும் இணைக்கும் நடுக்கீலை முழுக்க விரித்துக் கண்ணில் வையுங்கள். தூரத்தில் இருக்கும் ஏதாவது ஒன்றைப் பார்த்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக மடக்கிக்கொண்டு வாருங்கள். இரண்டு வட்டமும் நெருங்கி ஒரே வட்டமாகும் இடத்தில் நிறுத்துங்கள். பெரியவர்களுக்குக் கண்மணிகளின் இடைவெளி பெரும்பாலும் 55 முதல் 72 மி.மீ.க்குள் இருக்கும். போரோ வகையில் கீலின் தலைப்பில் இந்த எண்கள் பொறித்திருப்பார்கள். உங்கள் எண்ணைக் குறித்து வையுங்கள். வேறு யாராவது பார்த்துவிட்டுக் கொடுத்தால் அந்த எண்ணுக்குத் திருப்பினால் போதும்.

ரப்பர் கப். கண்ணாடி போட்டுப் பார்ப்பவர்கள் கப்பை முழுக்க மடக்க வேண்டும் (சுழல்வதாக இருந்தால் உள்ளே இறக்க வேண்டும்). கண்ணாடி போடாதவர்கள் மேலே ஏற்றியே வைக்க வேண்டும். கண்ணாடி இல்லாமல் கப்பை மடக்கினால் கண் லென்ஸுக்கு மிகப் பக்கத்தில் போய்விடும், அப்போதும் அந்தப் பிறை நிழல் விளையாட்டுக் காட்டும். கண்ணாடியோடு கப்பை ஏற்றி வைத்தால் சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல் காட்சி சுருங்கிவிடும். உங்களுக்கு மடக்கிய பிறகும் ஓரம் வெட்டுப்பட்டால் அந்த மாடலின் ஐ ரிலீஃப் (முழுக்காட்சியும் தெரிய லென்ஸிலிருந்து கண் இருக்க வேண்டிய தூரம்) குறைவு என்று அர்த்தம். கண்ணாடிக்காரர்களுக்குக் குறைந்தது 15, 16 மி.மீ. வேண்டும். 10×50 மலிவு மாடல்கள் பலவற்றில் அவ்வளவு இருப்பதில்லை.

உங்கள் பவருக்குக் கண்ணாடியைக் கழற்றியே பார்க்கலாம். மைனஸ் 2.5 என்பதை ஃபோகஸ் சக்கரமே ஈடுகட்டிவிடும். சிலிண்டரை அதனால் ஈடுகட்ட முடியாது, ஆனால் 0.75 பெரும்பாலானவர்களுக்கு உறுத்தாது. மைனஸ் 5, 6 என்று போனால்தான் சக்கரம் முட்டி நின்றுவிடும் தொல்லை. கழற்றிய கண்ணாடிக்கு ஒரு கயிறு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். ஏரிக்கரையில் பறவை தெரிந்ததும் கண்ணாடியை எங்கே வைப்பது என்று தடுமாறுவது பெரிய இம்சை.

வலது கண் மங்கல். வலது ஐபீஸை (கண் வைக்கும் பக்கத்து லென்ஸ்) சுற்றி ஒரு வளையம் இருக்கும், நடுவில் பூஜ்யம், இருபுறமும் கூட்டல் கழித்தல் குறி. அதுதான் டயாப்டர். வலது குழாயின் முன்பக்க லென்ஸை மூடியால் மூடுங்கள். இரண்டு கண்ணையும் திறந்தே வைத்துக்கொண்டு, 50 மீட்டருக்கு அப்பால் உள்ள ஒரு பெயர்ப்பலகையை நடுச்சக்கரத்தால் கூர்மையாக்குங்கள். அடுத்து மூடியை இடது குழாய்க்கு மாற்றுங்கள். இப்போது நடுச்சக்கரத்தைத் தொடவே கூடாது. வலது வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைக் கூர்மையாக்குங்கள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு எந்தத் தூரத்துக்கும் நடுச்சக்கரம் ஒன்றே போதும். ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு செய்யாதீர்கள். மூடும்போது திறந்திருக்கும் கண்ணும் சுருங்கிவிடும், அளவு தப்பும்.

கம்பிச் சோதனை. தலைவலிக்கான காரணம் இங்கேதான் தெரியும். இரண்டு குழாய்களும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். பார்சலில் விழுந்து பிரிஸம் (உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டி) நகர்ந்திருந்தால் ஒன்று சற்று மேலேயும் இன்னொன்று கீழேயும் பார்க்கும். இரண்டு படத்தையும் ஒட்டவைக்க மூளை படாதபாடு படும், வலி அதனால் வருவது.

பைனாகுலரைக் கைப்பிடிச்சுவர் மேல் அசையாமல் ஊன்றுங்கள். குறைந்தது 200 மீட்டர் தள்ளிக் கிடைமட்டமாக உள்ள கோடு ஒன்றைப் பிடியுங்கள். மின்கம்பி, மாடிச் சுவரின் மேல் விளிம்பு, எதுவானாலும் சரி. ஃபோகஸ் செய்துவிட்டுத் தலையை மட்டும் 10, 15 செ.மீ. பின்னால் இழுங்கள். இப்போது இரண்டு சிறு வட்டங்கள் தனித்தனியாகத் தெரியும். கோடு இரண்டிலும் ஒரே உயரத்தில் ஓடினால் கருவி நல்லது. ஒன்றில் நடுவிலும் இன்னொன்றில் மேலேயும் ஓடினால் பழுது. பக்கவாட்டு விலகல் கொஞ்சம் இருந்தால் கண் சமாளிக்கும். மேல்கீழ் விலகலைச் சமாளிக்காது.

இன்னொரு குறுக்குவழி: பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடியே ஐந்து விநாடி கண்களை மூடித் திறங்கள். திறந்த நொடியில் இரண்டு படம் தெரிந்து பிறகு "டக்"கென்று ஒட்டினால் உங்கள் கண்தான் அந்த வேலையைச் செய்கிறது.

பழுது என்று தெரிந்தால் ரப்பரைப் பிரித்து உள்ளிருக்கும் திருகைத் தொடாதீர்கள். யூடியூபில் எளிதாகத்தான் தெரியும். ஒரு திருகைக் கால் சுற்று திருப்பினால் இரண்டு திசையிலும் நகரும், திருப்பி அனுப்பும் உரிமையும் போய்விடும்.

---

கொடுக்காப்புளி பதில்:

நீர்க்காகம் சொன்னதுல சேர்க்க ஒண்ணுமில்ல. "10-ஆ 8-ஆ"ங்கிறதை மட்டும் நான் எடுத்துக்கிறேன், ஏன்னா பாதிப்பேர் காசை இங்கதான் விடுறாங்க.

முதல் எண் எத்தனை மடங்குன்னு சொல்லுது. ரெண்டாவது, முன்லென்ஸோட விட்டம் மில்லிமீட்டர்ல. ரெண்டாவதை முதலாவதால வகுத்தா ஐபீஸ்ல தெரியிற வெளிச்சப் பொட்டோட அளவு கிடைக்கும். பைனாகுலரைக் கைநீளத்துக்குத் தள்ளி வானத்தைப் பார்த்துப் பிடிங்க, அந்தப் பொட்டு தெரியும். 8×42-க்கு 5.25 மி.மீ., 10×50-க்கு 5, 10×42-க்கு 4.2, 8×25-க்கு 3 சொச்சம். பகல் வெயில்ல நம்ம கண்மணி ரெண்டு, மூணு மி.மீ.தான் திறந்திருக்கும், அதனால இதுல எதுவுமே பகல்ல "அதிக வெளிச்சம்" தராது. பொட்டு பெரிசா இருந்தா கண் கொஞ்சம் நகர்ந்தாலும் படம் வெட்டுப்படாது, சாயங்காலம் ஆறு மணிக்கு மேலயும் தாக்குப்பிடிக்கும். அந்த விஷயத்துல உங்க 10×50-உம் 8×42-உம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

வித்தியாசம் மூணு இடத்துல. ஒண்ணு, ஆட்டம். கை நடுக்கமும் அதே பத்து மடங்கா பெருசாகும். உங்க காக்கா ஆடல, நீங்க ஆடுறீங்க. ரெண்டு, எடை. 8×42 ரூஃப் வகை (குழாய் நேரா இருக்குமே அது) 650, 700 கிராம். 10×50 போரோ 800-லேர்ந்து ஒரு கிலோ வரைக்கும் போகும். மூணு, காட்சி அகலம். 8×42-ல ஏழரை டிகிரி சாதாரணம், அதாவது ஒரு கிலோமீட்டர் தூரத்துல 131 மீட்டர் அகலம் தெரியும். 10×50-ல ஆறரை டிகிரி, 114 மீட்டர். (ஒரு டிகிரிக்கு 17.5 மீட்டர்னு கணக்கு வச்சுக்கோங்க. பெட்டியில ஏதாவது ஒண்ணைத்தான் போட்டிருப்பாங்க.) பறக்கிறதைப் பிடிக்க இந்த 17 மீட்டர் பெரிய விஷயம்.

வீட்ல இருக்கிற ஜூமை மறந்துடுங்க. பூஞ்சை இல்லாட்டியும் அப்படித்தான் சொல்லுவேன். 30-ல வச்சா பொட்டு 50÷30, அதாவது 1.7 மி.மீ. இருட்டு. 10-ல வச்சாலும் காட்சி அகலம் சாதாரண 10×50-ல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் இருக்கும். ரெண்டு குழாயும் ஒரே அளவுக்கு ஜூம் ஆகணும், மலிவு மாடல்ல அது நடக்காது, திரும்பவும் தலைவலி.

லென்ஸ் மாணிக்கக்கல் மாதிரி சிவப்பா மின்னுறதையும் வாங்காதீங்க. சிவப்பு வெளிச்சத்தை வெளியே திருப்பி அனுப்புது, உள்ள வர்ற படம் பச்சை நீலமா இருக்கும். நாரையோட இளஞ்சிவப்பு இறகைப் பார்க்கப் போறவங்களுக்கு அது எதுக்கு? "100×180 நைட் விஷன்"னு போட்டிருந்தா அந்த எண்ணுக்கும் உள்ள இருக்கிற கண்ணாடிக்கும் சம்பந்தமே இருக்காது. முன்லென்ஸை ஸ்கேல் வச்சு அளந்தா 30, 40 மி.மீ. தேறினாப் பெரிசு.

---

தூரத்து மடை பதில்:

கொடுக்காப்புளி சொல்வதில் ஒன்றை ஒத்துக்கொள்ள மாட்டேன். 10 மடங்கை இப்படி ஒதுக்கக் கூடாது. காட்டுக்குள் குருவி பார்ப்பவருக்கு 8 சரி. ஏரியில் பறவை தூரத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும், சாய்ந்துகொள்ளக் கம்பியோ சுவரோ கிடைக்கும். அங்கே 10 உபயோகமே. வேடந்தாங்கலுக்குப் பக்கத்தில் உள்ள கரிக்கிலி மாதிரி திறந்த தண்ணீரில் வாத்துகள் தள்ளி மிதக்கும்போது ஊசிவால் வாத்தா நீலச்சிறகியா என்று பிரிக்க அந்த இரண்டு மடங்கு கைகொடுக்கும்.

ஆட்டத்தைக் குறைக்கப் பிடிக்கும் விதம் இருக்கிறது. குழாயின் நடுவில் பிடிக்காமல் முன்நுனிக்கு அருகில் பிடியுங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டுங்கள். கட்டைவிரல்களைக் கன்ன எலும்பில் ஊன்றுங்கள். தொப்பி போட்டிருந்தால் அதன் விளிம்பையும் குழாயையும் சேர்த்துப் பிடிக்கலாம். மூச்சை விட்ட பின் அடுத்த மூச்சு இழுக்கும் முன் பாருங்கள். தரையில் உட்கார்ந்து முழங்காலில் முழங்கையை ஊன்றினால் 10 மடங்கும் அசையாது.

பட்ஜெட் குறைவாக இருந்தால் போரோவை மாற்றி ரூஃப் வாங்குவது சில சமயம் நஷ்டம். போரோ பிரிஸத்தில் ஒளி எல்லா முகத்திலும் முழு அகப் பிரதிபலிப்பில் திரும்பும், பூச்சு தேவையில்லை. நேர்குழாய் வகைகளில் பெரும்பாலானவற்றின் பிரிஸத்தில் ஒரு முகத்துக்கு ஒளியைத் திருப்பி அனுப்பும் பூச்சு வேண்டும், அதோடு ஃபேஸ் கோட்டிங் என்ற இன்னொரு பூச்சும் வேண்டும். இரண்டுக்கும் செலவு. அதனால் ஒரே விலையில் போரோவில் படம் கூர்மையாகவும் ஆழத்தோடும் இருக்கும். ரூஃப் வாங்கினால் பெட்டியில் "ஃபேஸ் கோட்டட்", "பேக்-4" (பிரிஸத்துக்கான உயர்ந்த கண்ணாடி வகை) இரண்டும் இருக்கிறதா பாருங்கள். "கோட்டட்" என்று மட்டும் போட்டிருந்தால் ஏதோ ஒரு லென்ஸில் ஏதோ ஒரு பூச்சு என்று பொருள். "ஃபுல்லி மல்ட்டி கோட்டட்" என்றால்தான் எல்லாக் கண்ணாடிப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு.

போரோவின் உண்மையான பலவீனம் ஈரம். ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்பும்போது இரண்டு ஐபீஸும் வெளியே போய் உள்ளே வரும், ஒவ்வொரு தடவையும் சைக்கிள் பம்பு மாதிரி வெளிக்காற்றை உறிஞ்சும். உங்கள் பழைய ஜூமில் படர்ந்த நூல் அப்படி நுழைந்த ஈரத்தில் முளைத்ததாகத்தான் இருக்கும்.

---

சிலிக்கா டப்பா பதில்:

பூஞ்சைக் கேள்விக்கு நான் வர்றேன்.

காற்றுல ஈரப்பதம் 60, 65 சதவீதத்துக்கு மேல நாள்கணக்கா நின்னா லென்ஸ்ல பூஞ்சை முளைக்க ஆரம்பிக்கும். சென்னையில வருஷத்துல பாதிக்கு மேல அந்த நிலைமைதான். முளைச்சது கண்ணாடியை நேரா தின்னாது, அது விடுற அமிலம் பூச்சை அரிக்கும். அதனால முத்தின பிறகு துடைச்சாலும் தழும்பு நிற்கும். சோதிக்க, முன்லென்ஸ் பக்கமா டார்ச் அடிச்சு ஐபீஸ் பக்கமிருந்து சாய்வாப் பாருங்க. சிலந்திவலை மாதிரி தெரிஞ்சா அது பூஞ்சை. தனித்தனிப் புள்ளியா இருந்தா வெறும் தூசி, கவலைப்படாதீங்க, படத்துல தெரியாது.

கூட வந்த பையில வச்சு அலமாரியில பூட்டுறதுதான் பெரிய தப்பு. தோல் பை, துணிப் பை ரெண்டும் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். ரப்பர் விளிம்பு வச்ச மூடி, நாலு பக்கமும் கிளிப் போட்ட 10 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா வாங்குங்க. உள்ள சிலிக்கா ஜெல் 200 கிராம், துணிப்பொட்டலமா. பார்சல்ல வர்ற சின்னப் பொட்டலம் அஞ்சு கிராம் கூட இருக்காது, நம்ம கைக்கு வர்றப்பவே ஈரம் குடிச்சு முடிச்சிருக்கும். கூடவே ஒரு சின்ன டிஜிட்டல் ஈரமானி போடுங்க. எண் 40-க்கும் 50-க்கும் நடுவுல நின்னாப் போதும், 30-க்குக் கீழ தள்ளாதீங்க, ரப்பருக்கும் உள்ளிருக்கிற கிரீஸுக்கும் நல்லதில்ல.

நீல மணி இளஞ்சிவப்பா மாறினா ஜெல் நிறைஞ்சு போச்சுன்னு அர்த்தம். மின் ஓவன்ல 110, 120 டிகிரியில ஒன்றரை மணி நேரம் வச்சா மறுபடி நீலமாகும். நீல வகையில கோபால்ட் உப்பு இருக்கு, அதனால சமையல் தட்டுல, தோசைக்கல்லுல வறுக்காதீங்க. அதுக்குன்னு ஒரு பழைய தகரத்தட்டை ஒதுக்கிடுங்க. டப்பாவுல அரிசி கொட்டி வைக்கிறது வேண்டாம், தவிட்டுத்தூசிதான் மிஞ்சும். அந்துருண்டையும் வேண்டாம், அந்த ஆவி லென்ஸ்ல படியும்.

பயணத்துல ஒண்ணு கவனிங்க. ஏ.சி. காரை விட்டு இறங்கினதும் பைனாகுலரை வெளியே எடுத்தா லென்ஸ் மேல பனி பூத்துடும். படாளம் தாண்டும்போதே ஜிப் பைக்குள்ள போட்டு இறுக்கி மூடிடுங்க. இறங்கின பிறகு 20 நிமிஷம் மூடினபடியே இருக்கட்டும். வெளிப்பக்கம் பூத்தா தானா போயிடும், துடைச்சுத் தேய்க்காதீங்க. உள்பக்கம் பூத்தா அது காத்துப்புகா மாடல் இல்லன்னு தெரிஞ்சுக்கோங்க. நைட்ரஜன் நிரப்பினதுல உள்ள பூக்காது.

துடைக்கிற வரிசை: முதல்ல ரப்பர் பம்ப்ல ஊதுங்க, அடுத்து மெல்லிய பிரஷ், கடைசியாத்தான் மைக்ரோஃபைபர் துணி, ஒரு சொட்டு லென்ஸ் திரவம் துணியில விட்டு (லென்ஸ்ல நேரா விடாதீங்க). துப்பட்டா நுனி, வேட்டி நுனி, சட்டை எதுவும் ஆகாது. அதுல ஒட்டியிருக்கிற மணல் ஒரே இழுப்புல பூச்சைக் கீறிடும்.

---

வேளச்சேரி மொட்டைமாடி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னைக்குக் காலையில வரிசைப்படி பார்த்தேன். கீலை 63-க்கு மடக்கினதும் ஒரே வட்டமாயிடுச்சு. கண்ணாடியைக் கழட்டி, கப்பை ஏத்தினதும் பிறை நிழல் போச்சு. டயாப்டர் மைனஸ் பக்கம் ஒரு கோடு. வலது கண்ணும் தெளிவு.

ஆனா கம்பிச் சோதனையில தோத்துடுச்சு. இடது வட்டத்துல கம்பி நடுவுல ஓடுது, வலதுல கிட்டத்தட்ட மேல் விளிம்புல. கண்ணை மூடித் திறந்தா ரெண்டு படம் தெரிஞ்சு அப்புறம்தான் ஒட்டுது. திருப்பி அனுப்பப் போடுறேன். பதிலுக்கு 8×42 எடுக்கலாம்னு முடிவு. இந்தத் தடவை கடையில நேரா பார்த்து வாங்கப் போறேன். அங்க என்ன பார்க்கணும்? பொண்ணுக்குத் தனியா ஏதாவது வேணுமா? வேடந்தாங்கல்ல எந்த நேரம் நல்லது?

---

நீர்க்காகம் பதில்:

நல்ல வேளை, நாலு நாள் மிச்சமிருந்தது.

காரணம் எழுதும் இடத்தில் "தலைவலி வருகிறது" என்று எழுதாதீர்கள். "இரண்டு குழாய்களின் படங்கள் செங்குத்தாக விலகியுள்ளன, கொலிமேஷன் பழுது" என்று எழுதுங்கள். முன்னதற்குப் பயனர் கையேட்டைப் படிக்கச் சொல்வார்கள்.

கடையில்: ஒரே மாடலில் இரண்டு, மூன்று பெட்டிகளை எடுத்துக்காட்டச் சொல்லுங்கள். ஒரே தயாரிப்பிலும் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் கடைக்குள்ளே பார்த்துத் திருப்திப்படாமல் வாசலுக்கு எடுத்துப் போங்கள். கம்பிச் சோதனை முதலில். அடுத்து, கைநீளத்தில் பிடித்து அந்த வெளிச்சப் பொட்டைப் பாருங்கள். முழு வட்டமாக இருக்க வேண்டும். நான்கு பக்கமும் சாம்பல் நிழல் வெட்டிச் சதுரம்போல் தெரிந்தால் பிரிஸம் பிகே-7 வகை, பேக்-4 அல்ல. பிறகு வெயிலில் இருக்கும் வெள்ளைச் சுவருக்கு எதிரே ஒரு கறுப்புக் கம்பி. நடுவில் வைத்துப் பார்க்கும்போதே ஊதா விளிம்பு தடிமனாகத் தெரிந்தால் வேண்டாம், ஓரத்தில் கொஞ்சம் தெரிவது சகஜம். ஃபோகஸ் சக்கரத்தை ஒரு விரலால் முன்னும் பின்னும் திருப்புங்கள். திசை மாற்றும்போது வெற்றாக ஓடிவிட்டுப் பிறகு பிடித்தால் களத்தில் எரிச்சலூட்டும். கடைசியாகக் கிட்டத்து ஃபோகஸ்: இரண்டரை, மூன்று மீட்டரில் ஃபோகஸ் ஆகுமா? பட்டாம்பூச்சிக்கு அது வேண்டும்.

கழுத்துப்பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு முதுகில் குறுக்காகப் போகும் பட்டை வாங்குங்கள். 700 கிராம் கழுத்தில் தொங்கினால் இரண்டாவது மணி நேரத்தில் தெரியும்.

குழந்தைக்கு 8×42 சரிப்படாது. எடை ஒரு பக்கம், கண் இடைவெளி இன்னொரு பக்கம். எட்டு வயதில் அது 55-க்குக் கீழே இருக்கலாம், பெரியவர் கருவி அவ்வளவு மடங்காது. தலைகீழ் போரோ வகைச் சிறியவை (முன்லென்ஸ் உள்பக்கமாக நெருங்கி இருக்கும்) 50 வரை மடங்கும். வாங்கும்போது குழந்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாங்க விருப்பமில்லையா, உங்களுடையதில் ஒரு குழாயை மூடிவிட்டு மறு குழாயால் ஒற்றைக் கண்ணில் பார்க்கச் சொல்லுங்கள். சிறுவர்களுக்கு அதுவே எளிது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவையுங்கள்: சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. ஒரு கணத்தில் கண் போய்விடும்.

அம்மாவும் நீங்களும் மாறி மாறிப் பார்ப்பீர்கள் என்றால் டயாப்டர் வளையத்தில் உங்கள் இடத்துக்கு நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி, அம்மாவுடையதற்கு வேறு நிறம். கீலுக்கும் அப்படியே.

---

படாளம் கூட்டுரோடு பதில்:

வேடந்தாங்கல் பகுதியை நான் எழுதுறேன்.

ஜி.எஸ்.டி. சாலையில செங்கல்பட்டு தாண்டி, படாளத்துல வலப்பக்கம் பிரியணும். சென்னையிலேர்ந்து மொத்தம் 80 கிலோமீட்டர் சொச்சம். நவம்பர்ல ஆரம்பிச்சு மார்ச் வரைக்கும் சீசன். வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பலன்னா கூடு கட்ட வராது, அதனால கிளம்புற முன்னாடி ஏரியில தண்ணி இருக்கான்னு விசாரிச்சுட்டுப் போங்க. தண்ணிக்குள்ள நிக்கிற கடம்ப மரமும் கருவேல மரமும்தான் கூடு இருக்கிற இடம். மரத்தைச் சுத்தித் தண்ணி நின்னாத்தான் பறவைக்குப் பாதுகாப்பு.

நேரம்: விடிஞ்சதும் முதல் ரெண்டு மணி நேரம், இல்லன்னா மாலை நாலுலேர்ந்து இருட்டுற வரைக்கும். மதியம் போகாதீங்க. வெயில் தண்ணி மேல பட்டுச் சூடான காத்து எழும்பி, 10 மடங்கு, 8 மடங்கு எதுல பார்த்தாலும் படம் கொதிக்கிற பால் மாதிரி அலையும். லென்ஸ் கோளாறுன்னு நினைச்சு ஃபோகஸைத் திருகிக்கிட்டே இருப்பீங்க. சூரியன் உங்க முதுகுப்பக்கம் இருக்கிற மாதிரி நில்லுங்க. எதிர்வெயில்ல நீர்க்காகமும் பாம்புத்தாராவும் ஒரே கறுப்பு நிழல்தான். கரையில கொஞ்சம் நடந்தாலே கோணம் மாறும். எனக்குப் பிடிச்சது மாலை: நாலரைக்கு மேல இரை தேடப் போனதெல்லாம் வரிசை வரிசையாத் திரும்பும், அதே நேரத்துல வக்கா (இராக்கொக்கு) கிளம்பும்.

பறவையைக் கண்டுபிடிக்கத் தெரியாமத்தான் புதுசா வர்றவங்க திணறுவாங்க. கண்ணால பறவையைப் பிடிங்க, பார்வையை எடுக்காமலே பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாங்க. குனிஞ்சு பைனாகுலரைப் பார்த்துட்டு நிமிர்ந்தா பறவை தொலைஞ்சு போயிடும். அடுத்தவங்களுக்குக் காட்டணும்னா "அதோ அங்க"ன்னு கை நீட்டிப் பிரயோஜனம் இல்ல. மரத்தையே கடிகாரமா வச்சுக்கோங்க: "இடது பக்கம் ரெண்டாவது மரம், மொட்டைக் கிளை, ரெண்டு மணி." பொண்ணு பத்து நிமிஷத்துல உங்களைவிட நல்லா சொல்லுவா.

எதைப் பார்க்கணும்னு தெரிஞ்சு பார்த்தா 8 மடங்கே தாராளம். நத்தைகுத்தி நாரையோட அலகு மூடினாலும் நடுவுல சந்து இருக்கும், பாக்குவெட்டி மாதிரி. அந்தச் சந்து வழியா பின்னால இருக்கிற வானம் தெரியும். சங்குவளை நாரைக்கு மஞ்சள் அலகு, வால்பக்கம் இளஞ்சிவப்பு இறகு. அரிவாள் மூக்கனுக்கு உடம்பு வெள்ளை, தலையும் கழுத்தும் மட்டும் கறுப்பு, மொட்டை. கரண்டிவாயனுக்குப் பேர்லயே இருக்கு. நீர்க்காகத்தோட அலகு நுனி கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும், பாம்புத்தாராவுக்கு ஊசி மாதிரி நேரா. வக்கா பகல்ல இலைக்குள்ள பதுங்கி இருக்கும், சிவப்புக் கண்ணுதான் அடையாளம். கூழைக்கடாவுக்குப் பைனாகுலரே வேண்டாம்.

சிவப்பு, பளீர் மஞ்சள் உடை வேண்டாம். போன்ல பறவைக் குரல் போட்டு அழைக்கவே கூடாது, கூட்டுல குஞ்சு இருக்கிற காலம். இந்தப் பறவைங்களை ஊர்க்காரங்க காப்பாத்துறது இன்னைக்கு நேத்து இல்ல. எச்சம் கலந்த ஏரித்தண்ணி வயலுக்கு உரம், அதனால 1858-லேயே செங்கல்பட்டு ஆட்சியர்கிட்ட காவல் உரிமை வாங்கினாங்க. ராம்சார் பட்டியல்ல (உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்) சேர்ந்தது 2022-லதான்.

நேரம் மிஞ்சினா பக்கத்துல கரிக்கிலி. முன்னால தூரத்து மடை சொன்ன வாத்துக் கூட்டம் அங்கதான். இன்னொண்ணு: பொங்கல் விடுமுறை நாலு நாளும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். 2015-லேர்ந்து வருஷா வருஷம் உண்டு. உங்க மொட்டைமாடியிலயே 15 நிமிஷம் நின்னு, பார்த்ததையெல்லாம் எண்ணி இ-பேர்டுல (பறவைப் பதிவுக்கான இணையதளம்) ஏத்தலாம். புதுப் பைனாகுலருக்கு அதைவிட நல்ல ஒத்திகை கிடையாது.

---

வேளச்சேரி மொட்டைமாடி எழுதியது:

ஒரே ஒரு கடைசிக் கேள்வி. அம்மாவுக்குக் கை நடுங்கும், எவ்வளவு ஊன்றினாலும் ஆடும். ட்ரைபாட்ல மாட்ட முடியுமா?

---

தூரத்து மடை பதில்:

முடியும். பெரும்பாலான 8×42, 10×50-இல் நடுக்கீலின் முன்நுனியில் ஒரு சிறு வட்ட மூடி இருக்கும், பெயர் பொறித்தது. அதை இடப்பக்கம் திருகினால் கழன்று வரும், உள்ளே கால் அங்குல மரை. கேமரா ட்ரைபாடுக்கு உள்ள அதே மரைதான். நேராகப் பொருந்தாது, நடுவில் "எல்" வடிவ பைனாகுலர் அடாப்டர் ஒன்று வேண்டும். உலோகத்தில் வாங்குங்கள், பிளாஸ்டிக் வளைந்து ஆடும். ரூஃப் வகையில் குழாய்களுக்கு நடுவே இடம் குறுகல், தடித்த அடாப்டரை மாட்டினால் அம்மாவின் கண் இடைவெளிக்கு மடங்காது, அதனால் கடையிலேயே மாட்டிப் பாருங்கள். போன் பிடிக்கும் இலகுவான ட்ரைபாட் ஒரு கிலோவைத் தாங்கி நிற்காது, தலை சரியும். அம்மாவை மடக்கு நாற்காலியில் உட்காரவைத்து, ஐபீஸ் அவர் கண் உயரத்துக்கு வரும்படி ட்ரைபாடைத் தாழ்த்துங்கள். கழற்றிய மூடி சுண்டைக்காய் அளவுதான் இருக்கும், சிலிக்கா டப்பாவுக்குள் போட்டு வையுங்கள்.